பெயர் சொல்லி அளந்த நெல்

திருவிதாங்கூர் ராஜ்யத்துக்குள் நுழைகிறவன் முதலில் தன் மூட்டையை அவிழ்த்துக் காட்ட வேண்டும். திருநெல்வேலியிலிருந்து வந்த மோட்டார் பஸ் ஆரல்வாய்மொழிக் கணவாயில் நின்றதும் எல்லோரும் இறங்கி வரிசையாக நின்றோம். நாங்கள் உப்பும் புகையிலையும் கடத்திக்கொண்டு வருகிறோமா என்று சுங்கச் சவுக்கைச் சேவகர் ஒருவர் தேடினார். என் தகரப் பெட்டியில் இரண்டு வேட்டி, ஒரு சட்டை, ஒரு மூக்குப்பொடி டப்பி, ஒரு நோட்டுப் புத்தகம். அவர் டப்பியைத் திறந்து மோந்து பார்த்துத் தும்மினார். பிறகு நோட்டைப் புரட்டி, "இது என்னது?" என்று கேட்டார்.

"சொற்கள்" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "அதுக்குத் தீர்வை கெடையாது. போவும்" என்றார்.

மதுரையில் ஓர் அச்சுக்கூடத்தில் புரூப் பார்ப்பது என் தொழில். பிறர் எழுதியதில் பிழை திருத்துவேன். சொந்தமாக ஒரு வரி எழுதியதில்லை; பிறர் காரியத்தில் தலையிட்டதும் இல்லை. ஓய்வுபெற்ற முன்சீப் ஒருவர், நில வழக்குகளில் வரும் பழைய சொற்களையெல்லாம் தொகுத்து எங்களிடம் அச்சுக்குக் கொடுத்திருந்தார். அவற்றில் நாஞ்சில் நாட்டுச் சொற்கள் பதினொன்றுக்குப் பொருள் எழுதாமல் விட்டிருந்தார். கேள்விப்பட்டதை எழுதக் கூடாது, அந்த ஊருக்கே போய்க் கேட்டு வர வேண்டும் என்பது அவர் கட்டளை. இன்னொரு கட்டளையும் உண்டு. ஒரு சொல் இப்போது வழக்கில் இல்லையென்றால் அதன் தலைமேல் சின்னக் கத்தி போல ஒரு குறி போட வேண்டும். கத்திக்குறி போட்ட சொல் செத்த சொல்.

கணவாயைத் தாண்டி இரண்டு மைல் போவதற்குள் பஸ்ஸின் முன்புறத்திலிருந்து ஆவி கிளம்பியது. டிரைவர் இறங்கி, மூடியைத் துணியால் பிடித்துத் திறந்து, ஏதோ திட்டினார். கண்டக்டர் வாளியை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போனார். எங்கள் ஊராக இருந்தால் அவர் திரும்பி வர அரை நாள் ஆகியிருக்கும். இங்கே சாலையோரத்திலேயே தண்ணீர் ஓடுகிறது. இரண்டு பக்கமும் நெல் வயல், வயலுக்கு அப்பால் மலை, மலைமேல் மேகம். மதுரைக்காரன் இதையெல்லாம் பார்த்தால் கொஞ்சம் பொறாமைப்படத்தான் செய்வான். நானும் பட்டேன்.

பஸ் ஆறுகிறவரை என் பக்கத்தில் நின்றவர் நாகர்கோவிலில் படிக்கிற ஒரு மாணவர், நாஞ்சில் நாட்டு வேளாளர் வீட்டுப் பிள்ளை. அவரிடம் நோட்டைக் காட்டினேன். பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"இதெல்லாம் எதுக்கு எழுதிட்டு நடக்கேரு? எங்க ஆளுகளுக்க பழைய மருமக்கவழிப் பேச்சாக்கும் இது. அப்பன் சொத்து மகனுக்குக் கெடையாது, அக்கா தங்கச்சி பெத்த மருமகனுக்குத்தான். இப்பம் சட்டம் மாறியாச்சு. எல்லாரும் பாகம் வச்சுப் பிரிஞ்சிட்டு வாறோம். ஒம்ம ஊருக்காரங்க இத வாசிச்சா எங்களப் பாத்துச் சிரிப்பாங்க."

சட்டம் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. அதற்குள் ஒரு சொல்லைச் சொல்லக் கூசுகிற அளவுக்கு வந்துவிட்டார்களே என்று எனக்கு ஆச்சரியம்.

நான் தங்கியது சுசீந்திரத்துக்குப் பக்கத்தில், சிவதாணுப் பிள்ளை என்பவர் வீட்டில். முன்சீப்புக்குப் பழக்கமானவர். ஐம்பது வயது, பருத்த உடம்பு, யாரையும் சாப்பிட வைக்காமல் விடாத கை. பழைய முறைப்படி அந்தக் குடும்பத்துக்கு அவர்தான் காரணவர், அதாவது சொத்தை நிர்வகிக்கும் தலைவர். அவருடைய தாய்மாமன் இறந்தபின் மருமகனாகிய அவருக்கு அந்த இடம் வந்தது. இனி அந்த இடமே இல்லை. அவரும் இரண்டு சகோதரிகளும் நிலத்தைப் பங்கு வைத்துக்கொள்வதென்று முடிவாகி, வெள்ளிக்கிழமை பத்திரம் பதிவாக இருந்தது. நான் போய்ச் சேர்ந்தது திங்கட்கிழமை.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் தாண்ட முடியாது. சிவப்பரிசிச் சோறு, ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியே நிற்கும். எல்லாவற்றிலும் தேங்காய், தேங்காய் இல்லாத இடத்தில் தேங்காய் எண்ணெய். முதல் இரண்டு வேளை என் வயிறு முணுமுணுத்தது. மூன்றாம் வேளை தீயல் என்று வறுத்தரைத்த குழம்பு ஒன்று வந்தது. அதற்குப் பிறகு வயிறு வாயைத் திறக்கவில்லை. பாயசத்தை இலையில் ஊற்றி, பழத்தையும் பப்படத்தையும் அதில் நொறுக்கிப் பிசைந்து சாப்பிடச் சொன்னார்கள். மதுரையில் ஒருவன் அப்படிச் செய்தால் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போவோம். நான் இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் சிவதாணுப் பிள்ளையின் முன் நோட்டை விரித்தேன். மனிதர் மகா கெட்டிக்காரர். காரணவன் என்றால் இன்னார். உகந்துடைமை என்றால் தகப்பன் பிரியப்பட்டுத் தன் மகனுக்குக் கொடுக்கிற பங்கு. இப்படிப் பத்துச் சொற்களுக்குத் தட்டாமல் பொருள் சொன்னார். பதினோராவது நங்குடைமை. அதை வாசித்ததும் வெற்றிலைச் செல்லத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"அது இப்பம் இல்ல. அதுக்குக் கத்தியப் போட்டிரும் தம்பி."

"பொருள்?"

"செத்துப்போனதுக்குப் பொருள் எதுக்கு?"

மற்றப் பத்தும் அப்படியென்ன உயிரோடு இருக்கின்றன என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. உள்ளே தாளிக்கிற வாசனை வந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை சுசீந்திரம் கோயிலுக்குப் போய்விட்டு வாய்க்கால் கரை வழியாகத் திரும்பினேன். தெருவின் கிழக்குக் கோடியில் ஒரு சின்ன ஓட்டு வீடு. வாசலில் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் நின்றுகொண்டிருந்தார். என்னை எதிர்பார்த்து நின்றவர் என்பது பார்த்ததும் தெரிந்தது.

"வார்த்தை பொறுக்க வந்த ஆளு நீதானே மக்கா?"

ஆமாம் என்றேன். பகவதியம்மாள் என்பது அவர் பெயர். சிவதாணுப் பிள்ளைக்கு முன்னால் காரணவராக இருந்த தாய்மாமனின் மனைவி. பிள்ளைகள் இல்லை.

"சிவதாணு பத்துக்குச் சொல்லிட்டான்னு கேள்வி. பதினொண்ணாவது என்னது?"

"நங்குடைமை."

"அதுக்கு அவன் என்ன சொன்னான்?"

"இப்போது வழக்கில் இல்லையாம்."

அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "அது நானாக்கும்" என்றார்.

பிறகு அவரே விளக்கினார். கணவன் போய்விட்டால், அவனுடைய குடும்பச் சொத்திலிருந்து அவன் மனைவிக்கு ஆயுள் உள்ளவரை கொடுக்க வேண்டிய பாத்தியம் நங்குடைமை. அவருக்கு ஒதுக்கியது மடையடி வயல் என்ற ஒரே வயல். வருஷத்தில் இரண்டு பூ, அதாவது இரண்டு போகம், விளையும். களத்தில் நெல் அளக்கிறவன், அந்தக் குவியலுக்கு வந்ததும் 'நங்குடைமை' என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் மரக்காலை எடுப்பானாம்.

"பத்துப்பேரு கேப்பாவ. அது எனக்க அவகாசம். போன கும்பப்பூவில ஒண்ணும் சொல்லாம அளந்து போட்டான். நெல்லு கொறையல்ல மக்கா. ஒரு மணி கொறையல்ல. பேரு மட்டும் இல்ல."

அவகாசம் என்றால் அந்தப் பக்கத்தில் உரிமை. அது புரிய எனக்குச் சற்று நேரம் ஆயிற்று. நெல்தான் குறையாமல் வந்துவிட்டதே, பெயர் சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன என்று கேட்டேன். புரூப் பார்க்கிறவன் கேட்கக் கூடாத கேள்விதான்.

"பேரு சொல்லி அளந்தா அவகாசம். சொல்லாம அளந்தா தருமம். தருமத்த நாளைக்கு நிறுத்துனா நான் யாருகிட்ட போய்க் கேக்க? வெள்ளியாழ்ச்ச பத்திரம். அந்த வயலு அவனுக்க பங்குல வருகு. பத்திரத்தில என்னப் பத்தி ஒரு வரி இல்லன்னு கேள்வி. பொறவு எனக்கு இந்த ஊர்ல சோத்துக்கு என்ன வழி?"

அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்றேன்.

"ஒண்ணும் செய்யாண்டாம். கத்தியப் போடாத. அவ்வளவுதான்."

எனக்குத் தொழில் புத்தி. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சரிபார்க்காமல் விட மாட்டேன். நெல் அளக்கிற செல்லன் என்பவரை வியாழக்கிழமை வரப்பு வெட்டுகிற இடத்தில் போய்ப் பிடித்தேன். மண்வெட்டியைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார்.

"சொல்லாண்டாம்னு சொன்னாவ. சொல்லல்ல."

"யார் சொன்னார்கள்?"

"சொன்னாவ" என்று மறுபடியும் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அன்று மத்தியானம் சிவதாணுப் பிள்ளை என் இலைக்கு எதிரே உட்கார்ந்து பரிமாற வைத்தார். நான் கிழக்குக் கோடி வீட்டு வாசலில் நின்றது அவர் காதுக்கு எட்டியிருந்தது.

"மாமியப் பட்டினி போடுவேனா தம்பி? எனக்கு அவ்வளவு நெஞ்சொறப்பு உண்டா? என் உயிரு உள்ளவரைக்கும் நெல்லு போவும். ஆனா எழுத்துல வந்துட்டா அந்த வயல விக்க முடியாது, ஒத்திக்கு வைக்க முடியாது. மக கல்யாணத்துக்கு நிக்கா. நீரு கத்தியப் போட்டிரும். அச்சுப் புஸ்தகத்திலேயே இல்லன்னு இருந்தா, நாளைக்கு எவனும் வக்கீலக் கூட்டிட்டு வந்து நிக்க மாட்டான்."

பொய் சொல்கிறவராக அவர் எனக்குத் தோன்றவில்லை. மாமிக்கு நெல் கொடுக்கத்தான் செய்வார். ஆனால் அவர் உயிர் உள்ளவரைக்கும் என்றார். மாமியின் உயிர் உள்ளவரைக்கும் என்று சொல்லவில்லை. அது என் காதில் விழுந்தது. விழுந்தும், "பார்க்கலாம்" என்றேன். பாயசம் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை இரண்டு வில்வண்டிகளில் ரிஜிஸ்தர் கச்சேரிக்குப் புறப்பட்டார்கள். வேடிக்கை பார்க்க என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். பாதி வழியில் எங்கள் வண்டியின் கடையாணி கழன்று, சக்கரம் ஒரு பக்கம் சாய்ந்து, நாலு பேரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தோம். வண்டிக்காரர் ஆணியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டிருந்தபோது பகவதியம்மாள் எங்களைத் தாண்டி நடந்து போனார். யாரும் அவரை வண்டியில் ஏறச் சொல்லவில்லை. அவரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ரிஜிஸ்திரார் இளம் வயதுக்காரர், ராஜ்யத்தின் வடக்குப் பக்கத்திலிருந்து வந்தவர். அவர் பேசியது மலையாளம். பொருளைத் தமிழில் தருகிறேன். பத்திரத்தை வாசித்துவிட்டு, "இதற்கு எல்லோரும் சம்மதமா?" என்று கேட்டார். மூவரும் தலையாட்டினார்கள்.

கதவோரத்திலிருந்து பகவதியம்மாள் சொன்னார்: "நங்குடைமை எழுதல்ல."

"என்ன சொல்கிறார்?" என்றார் ரிஜிஸ்திரார்.

பத்திரம் எழுதியவர் காதைச் சொறிந்தார். அவர் செய்ததில் சூது இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. புதுச் சட்டத்துக்கென்று ஒரு புது மாதிரிப் பத்திரம் வைத்திருந்தார்; அதைப் பார்த்து எழுதினார். மகன், மகள், சகோதரி என்று அதில் வரிசையாக இடம் இருந்தது. இந்த அம்மாளுக்கு இடம் இல்லை, ஆகவே எழுதவில்லை. "அது பழைய பேச்சாக்கும் எஜமானே" என்றார்.

சிவதாணுப் பிள்ளை என்னைக் காட்டினார். "மதுரையிலேருந்து அகராதிக்கு ஆளு வந்திருக்காரு. அவரு சொல்லட்டு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாலு நாள் அவர் வீட்டு உப்பைத் தின்றிருந்தேன். நாக்கு தானாகவே புரண்டது.

"பழைய சொல். இப்போது வழக்கில் இல்லை என்று தெரிகிறது" என்றேன்.

அந்த வாக்கியத்தில் ஒரு பிழையும் கிடையாது. புரூப்பில் வந்திருந்தால் அப்படியே விட்டிருப்பேன்.

பகவதியம்மாள் இரண்டடி உள்ளே வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"இப்பம் நான் சொன்னேன்லா மக்கா. நீயும் கேட்ட, இந்த எஜமானும் கேட்டாரு. பொறவு எப்பிடி வழக்கில இல்ல?"

என் வாழ்நாளில் எத்தனையோ ஆசிரியர்கள் என் திருத்தத்தைத் திருத்தியிருக்கிறார்கள். அப்போதெல்லாம் எரிச்சல்தான் வந்திருக்கிறது. அன்று வந்தது வெட்கம். நான் ஒரு பெண்பிள்ளையின் சோற்றைத் தட்டிவிட்டேன். அதுவும் என் வயிறு நிறைந்திருந்தபோது. ரிஜிஸ்திரார் மறுபடியும் என்னைப் பார்த்து, "பொருள் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்று சொல்லி, முழுவதையும் சொன்னேன். சிவதாணுப் பிள்ளையைப் பார்க்காமல் சொன்னேன்.

ரிஜிஸ்திரார் பேனாவைக் கீழே வைத்தார். "யாருக்கு உரிமை என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. நீங்கள் கொண்டு வந்ததைப் பதிவதுதான் என் வேலை. சேர்த்து எழுதிக் கொண்டு வந்தால் அப்படிப் பதிவேன். இல்லையென்றால் அந்த அம்மாள் கோர்ட்டுக்குப் போகட்டும்."

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். கோர்ட்டுக்குப் போக அந்த அம்மாளிடம் என்ன இருக்கிறது? அப்போது அதுவரை வாயே திறக்காத மூத்த சகோதரி சிவகாமியம்மாள், கையெழுத்துப் போட நீட்டிய பேனாவை வாங்காமல் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"அந்த வரிய எழுதாம நான் ஒப்பு வைக்க மாட்டேன்."

"அக்கா, நீ சும்ம இரி" என்றார் சிவதாணுப் பிள்ளை.

"சும்ம எப்பிடி இருக்க? தோவாளையில எனக்கும் ஒரு வீடு இருக்கு. நானும் ஒருத்தருக்குப் பெஞ்சாதிதானே. எனக்கும் பிள்ளையில்ல. அவருக்க மருமக்கமாரு வாற மாசம் பாகம் வைக்கப் போறாவ. அங்க எடுத்துக் காட்ட எனக்கு ஒரு பத்திரம் வேணும்லா."

சிவதாணுப் பிள்ளை அக்காளைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார், கடைசியில் பத்திரக்காரரைப் பார்த்து, "எழுதும்" என்றார். மடையடி வயலின் விளைவு பகவதியம்மாளுக்கு ஆயுள் பரியந்தம் நங்குடைமை என்று ஒரு வரி சேர்ந்தது. பத்திரக்காரர் அந்தச் சொல்லை இதற்குமுன் எழுதியதே இல்லையாம். என்னிடம் எழுத்துக் கேட்டார். நான் எழுத்துக்கூட்டிச் சொன்னேன். அந்தக் காரியத்தில் நான் செய்த உதவி என்று ஒன்று உண்டானால் அவ்வளவுதான்.

வீடு திரும்பினோம். மத்தியானம் சோறு, தீயல், அவியல் எல்லாம் வழக்கம்போல வந்தன. பாயசம் வரவில்லை. கை கழுவும்போது சிவதாணுப் பிள்ளை சொன்னார்: "நீரு ஒரு வாரம் பிந்தி வந்திருக்கலாம் தம்பி." அவர்மேல் எனக்குக் குறையில்லை. அவருடைய மகளுக்குக் கல்யாணம் நடக்க வேண்டும் என்பதும் உண்மைதானே.

மறுநாள் காலை பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிழக்குக் கோடி வழியாகப் போனேன். அதற்கு அவசியமில்லை, பஸ் நிற்கிற இடம் மேற்கே. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். பகவதியம்மாள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"குறிய எடுத்தாச்சா?"

"போடவே இல்லை அம்மா."

"நான் போன பொறவு போட்டுக்கோ. அப்பம் வேற யாரும் இருக்க மாட்டாவ, தோவாளைக்காரி ஒருத்தியத் தவிர. அவளையும் கேட்டுக்கிட்டுப் போடு."

மதுரையில் இருக்கிற எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"காயிதம் போடச் சொல்லிட்டுத்தான் போவேன்" என்றார். விலாசத்தை எழுதி வாங்கி மடியில் முடிந்துகொண்டார்.

புத்தகம் மறு வருஷம் வெளிவந்தது. இப்போது இரண்டாம் முறை அச்சாகிறது. போன வாரம் முன்சீப் வந்து நாஞ்சில் நாட்டுப் பக்கத்தைப் புரட்டினார். பத்துச் சொற்களின் தலையில் கத்தி இருக்கிறது. பதினோராவதில் மட்டும் ஏன் இல்லை, இத்தனை வருஷமாகிவிட்டதே, இனிப் போட்டுவிடலாமா என்று கேட்டார்.

"கடிதம் வரவில்லை" என்றேன்.